ஃப்ரீசர் மேல் ஓடிய பம்புகள்

மில்பர்ன், மேற்கு வர்ஜீனியா
ஜனவரி 14, 1996

அன்புத் தங்கை நெல்டாவுக்கு,

அக்கா அர்லெட்டா எழுதுவது. முட்டி வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரர் ராய்ஸுக்கு முதுகுப் பிடிப்பு விட்டதா? தம்பி டென்வரின் இருமல் குறைந்ததா? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ராய்ஸ் என் கூரை ஒழுகலை அடைத்துக் கொடுத்தாரே, இந்த மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் சொன்னதாகச் சொல்.

ஒரு சேதி. என்னை கிராண்ட் ஜூரிக்கு எடுத்துவிட்டார்கள். டி.வி.யில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்வார்களே, அது இல்லை. இது அதற்கு முந்தின படி. இருபத்து மூன்று பேர். அறையில் நீதிபதி கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீலும் கிடையாது. அரசு வக்கீல் ஒவ்வொரு சாட்சியாகக் கூட்டி வந்து கேள்வி கேட்பார். நாங்களும் கேட்கலாம். இவர் மேல் வழக்குப் போட விஷயம் இருக்கிறது என்று பன்னிரண்டு பேராவது கை தூக்கினால்தான் வழக்கு கோர்ட்டுக்கே போகும். மாதம் இரண்டு நாள், ஒன்றரை வருடம். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் எனக்குப் பதில் ஆள் போட்டிருக்கிறார்கள், அவள் பீன்ஸைக் கரைத்துக் கூழாக்கிவிடுகிறாள் என்று பிள்ளைகள் அழுகிறார்களாம்.

எங்கள் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே. கல்லறைக் கல் விற்கிறவர் ஒருவர். கோழிப் பண்ணைக்கார அம்மாள் ஒருத்தி. உட்கார்ந்த மாத்திரத்தில் குறட்டை விடுகிற ஒருவர். முதல் நாளே வலது கையைத் தூக்கிச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அறைக்குள் கேட்டதை வெளியே மூச்சு விடக் கூடாது. புருஷனிடம், பாதிரியாரிடம், யாரிடமும். மீறினால் நாமே ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். என்னைப் போய் இதற்குத் தேர்ந்தெடுத்தார்களே! என் வாயில் ஒரு விஷயம் தங்கும் என்று அரசாங்கம் நம்புகிறது. நம் அம்மா இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
அர்லெட்டா


டோபின் பள்ளத்தாக்கு
பிப்ரவரி 11, 1996

அக்காவுக்கு நெல்டா எழுதிக்கொண்டது.

நாங்கள் இருக்கிறோம், பனியில் விறைத்துக்கொண்டு. உன் கடிதம் வந்தது. உறையின் ஓரம் பிரித்து மறுபடி ஒட்டினது மாதிரி இருந்தது. நீதான் சரியாக ஒட்டவில்லையா, வேறு யாராவது பார்த்தார்களா என்று யோசித்தபடியேதான் படித்தேன்.

ராய்ஸிடம் ஜூரி சேதியைச் சொன்னேன். "ஒரு ரூம்ல அடைச்சு, ஜட்ஜு இல்லாம, எதிர்த்துப் பேச ஆள் இல்லாம, ஒரு பக்கத்தை மட்டும் கேக்கறாங்க. எந்த ஊரு நியாயம் இது? உங்க அக்காவை ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. டை கட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தவன் எவனும் இதுவரை நமக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போனதில்லை.

டென்வருக்கு இருமல் அப்படியேதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபோர்மேன் என்ற முறையில் ராய்ஸ் அவனைத் தன் செக்ஷனிலேயே வைத்துக்கொண்டிருப்பது எனக்கு நிம்மதி. வேறு ஃபோர்மேனிடம் மாட்டியிருந்தால் பிழிந்து எடுத்திருப்பான்.

எனக்கு வேறொரு தலைவலி. சுரங்கத்தில் எவ்வளவு கரித்தூசி பறக்கிறது என்று அளக்க ஆட்களின் இடுப்பில் சின்ன பம்பு மாட்டுவார்களே, அதில் நாலைந்தை ராய்ஸ் வீட்டுக்குக் கொண்டு வருகிறார். பின் வராந்தா ஃப்ரீசர் மேல் வரிசையாக வைத்து, காலையில் ஓட விட்டு வேலைக்குப் போகிறார். சாயங்காலம் வந்துதான் அணைக்கிறார். பேட்டரி தாங்குமா என்று பார்க்கிறாராம். நாள் முழுக்க ஒரே ரீங்காரம். டி.வி. தொடரில் யார் யாருக்குத் துரோகம் பண்ணினாள் என்றே எனக்குக் கேட்க மாட்டேன் என்கிறது.

முட்டிக்குச் சூடு வை. ராய்ஸ் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்.

நெல்டா


மில்பர்ன்
மார்ச் 24, 1996

அன்புள்ள நெல்டா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது.

டென்வரை உடனே நெஞ்சுப் படம் எடுக்கச் சொல். கம்பெனி டாக்டரிடம் வேண்டாம். இங்கே மில்பர்னுக்கு வரட்டும், நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்பதை அவனுக்கு ஞாபகப்படுத்து.

இனிமேல் கடிதத்தில் உன் உடம்பைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் மட்டும் எழுது. போதும்.

இங்கே பனி கரைந்துவிட்டது.

அர்லெட்டா


டோபின் பள்ளத்தாக்கு
ஏப்ரல் 9, 1996

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. காரணம் நீ.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து நீ எழுதின கடிதம் ஒன்றில்கூட ராய்ஸைக் கேட்காமல் விட்டதில்லை. அவரோடு நீ சண்டை போட்ட வருடம்கூட "அந்த முரடன் எப்படி இருக்கிறான்" என்றாவது கேட்டாய். இந்தத் தடவை அவர் பெயரே இல்லை. முதுகு வலியைக் கேட்கவில்லை. கூரையைப் பற்றிப் பேச்சில்லை. டென்வர் இருக்கிறான், பனி இருக்கிறது, என் தோட்டம் இருக்கிறது. என் புருஷன் மட்டும் இல்லை.

"உங்க அக்கா என்ன எழுதியிருக்கா?" என்று ராய்ஸ் கேட்டார். உன்னைக் கேட்டிருக்கிறாள் என்று பொய் சொன்னேன். சொல்லும்போதே அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நேராகவே கேட்கிறேன். கிறிஸ்துமஸ் சமயம் உன் கூரையைச் சரிசெய்ய அவர் தனியாக இரண்டு நாள் அங்கே இருந்தார். நீ புருஷனை இழந்தவள். அவர் கண்ணும் சும்மா இருக்கிற கண் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏதாவது நடந்ததா? நடந்திருந்தால் அந்நியர் வாயால் தெரிவதைவிட உன் வாயால் தெரிவது மேல்.

கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் ஞாயிறு மே கடைசியில் வருகிறது. வழக்கம் போல அடுக்கு ஆப்பிள் கேக் உன் பொறுப்பு. அப்பா அம்மா தலைமாட்டில் நின்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

நெல்டா


மில்பர்ன்
மே 5, 1996

நெல்டா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

கூரை விஷயத்தில் நீ நினைப்பது பொய். அப்பா மேல் ஆணை.

பூ வைக்கும் ஞாயிறுக்கு நான் வரவில்லை. காரணம் எழுத முடியாது. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, முடியாது என்கிறேன்.

டென்வர் இன்னும் வரவில்லை. அனுப்பு.

அர்லெட்டா


டோபின் பள்ளத்தாக்கு
ஜூன் 8, 1996

அக்காவுக்கு,

பூ வைக்கும் ஞாயிறு நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். புல்லை வெட்டினோம், கல்லைத் துடைத்தோம், துணி விரித்துச் சாப்பிட்டோம். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். முட்டி வலி என்றேன். சித்தி மகள்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அப்பா கல்லுக்குப் பக்கத்தில் நின்று டென்வர் இருமினபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குத்தான் அவனைப் படமெடுக்கச் சம்மதிக்க வைத்தேன்.

எடுத்தாயிற்று. உன்னிடம் வர அவனுக்கு விருப்பமில்லை, வேறு ஊருக்குப் போனான். நுரையீரலில் இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகக் கரி. முப்பத்து நாலு வயது, அக்கா. அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டித்தான் வந்தது. தூசி எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று கம்பெனி காகிதத்தில் இருக்கிறதாம், அப்புறம் எப்படி என்று டாக்டர் கேட்டாராம். இவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

போன வாரம் கம்பெனி வக்கீல் வந்தார். தேன் தடவிச் சுட்ட பெரிய பன்றித் தொடை ஒன்றை வாங்கி வந்திருந்தார். எங்கள் வீட்டுக்குக் கம்பெனி இதுவரை ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை. "மில்பர்ன்ல கிராண்ட் ஜூரி நம்ம ஆளுங்களை ஒவ்வொருத்தரா கூப்பிடுதும்மா. பயப்பட ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் நானே வக்கீல். பைசா வேண்டாம். நான் சொல்ற மாதிரி சொன்னா போதும்" என்றார். என்ன விசாரணை என்று கேட்டேன். "தூசி அளந்தது பத்தி ஏதோ" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு பின் வராந்தாவுக்குப் போய் அந்த ஃப்ரீசரைப் பார்த்தபடி நின்றேன். நான் படிக்காதவள்தான், ஆனால் முட்டாள் இல்லை. டென்வர் இடுப்பில் இருந்து தூசியை உறிஞ்ச வேண்டிய பம்பு, என் வராந்தாவில் துணி காயும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றைத்தான் டென்வர் மூச்சு விட்ட காற்று என்று காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் உன் "முடியாது" புரிந்தது. மில்பர்ன். கிராண்ட் ஜூரி. உனக்கு எல்லாம் தெரியும். நீ அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

அந்தப் பம்புகளைப் பற்றி நான் உனக்குத்தான் எழுதினேன். அதை என்ன செய்தாய்?

நெல்டா


மில்பர்ன்
ஜூன் 19, 1996

நெல்டா,

உன் உடம்பு தேவலையா? டென்வரின் படத்தைப் பற்றிப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ எழுத எனக்கு உரிமையில்லை. ஊர்ப் பொதுவில் யாருக்கும் தெரிந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நூலகத்துச் சட்டப் புத்தகம் எதிலும் இருக்கும்.

வக்கீல் என்றால் அவர் ஒருவருடைய வக்கீல். கம்பெனி அமர்த்தினவர் கம்பெனியின் வக்கீல். உங்களுக்கும் சேர்த்து உட்காரலாம், உங்கள் நன்மையும் கம்பெனியின் நன்மையும் ஒரே திசையில் போகிற வரைக்கும். கோர்ட்டில் கேட்டால், கட்டணம் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்குத் தனி வக்கீல் போடுவார்கள். அவரையே கேள், "நாளைக்குக் கம்பெனியும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே நின்றால் நீங்கள் எந்தப் பக்கம்?" என்று.

இதற்கு மேல் என் பேனா ஓடாது. கோபப்படு, பரவாயில்லை. உன் ரத்தக்கொதிப்பு மருந்தை மட்டும் நிறுத்தாதே.

அர்லெட்டா


டோபின் பள்ளத்தாக்கு
ஜூலை 21, 1996

அர்லெட்டா,

உடம்பைப் பற்றி நீ கேட்க வேண்டாம்.

வக்கீலிடம் கேட்டேன். "அந்த மாதிரி நிலைமையே வராதும்மா" என்றார். அதுதான் பதில் என்று எனக்குப் புரிந்தது. ராய்ஸுக்குப் புரியவில்லை. "வந்தவரை அவமானப்படுத்திட்ட" என்று கத்தினார். உன் பெயரையும் இழுத்தார்.

டென்வர் சாட்சி சொல்லிவிட்டு வந்துவிட்டான். சாட்சி சொன்னவன் வெளியே வந்து யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாமாம், உட்கார்ந்து கேட்டவர்கள்தான் வாயைக் கட்ட வேண்டுமாம். ராய்ஸும் இருக்கும்போதே என் சமையற்கட்டில் உட்கார்ந்து எல்லாம் சொன்னான்.

"என்னடா கேட்டாங்க?"

"பம்பை இடுப்புல மாட்டினியான்னு கேட்டாங்க, சின்னக்கா."

"நீ என்ன சொன்ன?"

"ஒவ்வொரு ஷிஃப்ட்டும் மாட்டினேன்னு சொன்னேன்."

"சத்தியம் பண்ணிட்டா?"

"சத்தியம் பண்ணிட்டுதான். அத்தான்தானே எனக்கு வேலை போட்டுக் குடுத்தாரு? அவரை எப்படி நான் உள்ள தள்ளுவேன்?" என்றான். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினான். ராய்ஸ் எழுந்து வெளியே போய்விட்டார்.

நேற்று எனக்குச் சம்மன் வந்தது. வந்தவன் மரியாதையாகக் காலைத் துடைத்துவிட்டு, "உங்க கையிலதாம்மா குடுக்கணும்" என்று கொடுத்தான். செப்டம்பரில் நான் போய் என் வராந்தாவில் என்ன ஓடியது என்று சொல்ல வேண்டும்.

என் வராந்தாவில் என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு, ராய்ஸுக்கு, டென்வருக்கு, உனக்கு. ராய்ஸ் தன்னைத் தானே காட்டிக்கொடுக்க மாட்டார். டென்வர் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மிச்சம் யார்?

நான் உண்மையைச் சொன்னால் புருஷனும் ஜெயிலுக்குப் போவார், பொய்ச் சத்தியம் செய்ததற்குத் தம்பியும் போவான். இதைத்தான் நீ எனக்குச் செய்து வைத்திருக்கிறாய். இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

நெல்டா


மில்பர்ன்
ஆகஸ்ட் 18, 1996

அன்புள்ள நெல்டா,

பிரிக்க மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். நீ நலமா? டென்வர் நலமா? ராய்ஸ் நலமா? மூன்று பேரையும் கேட்கிறேன், பார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தேவாலயத்துக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடும். அந்த வரி எந்தப் பக்கமாக இருந்தாலும் எழுதக் கூடாது. என்னை நம்பு என்றுகூட எழுத முடியவில்லை, அதுவே ஒரு பதிலாகிவிடும். என் கூடப்பிறந்தவள் என்னைத் துரோகி என்கிறாள், நான் ஊமையாக உட்கார்ந்திருக்கிறேன். அழுகையாக வருகிறது. அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உனக்கென்று ஒரு வக்கீலைக் கேட்டு வாங்கிக்கொள். இதைச் சொல்ல எனக்குத் தடையில்லை.

அக்கா


டோபின் பள்ளத்தாக்கு
செப்டம்பர் 22, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாமல் பிரி. இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டவில்லை. எனக்கு உடம்பு பரவாயில்லை, தூக்கம்தான் இல்லை.

உன் ஆகஸ்ட் கடிதத்தைச் சொன்னபடி பிரிக்காமலேதான் வைத்திருந்தேன். அதில் இருந்த யோசனையைப் படிக்காமலேயே தனி வக்கீல் கேட்டேன், கம்பெனிக்காரர் முகத்தை இன்னொரு தடவை பார்க்கச் சகிக்காமல். ஹாஸ்கின்ஸ் என்று ஒரு அம்மாளைக் கோர்ட்டில் போட்டுக் கொடுத்தார்கள். நான் போன உடனே, "சம்மன் அனுப்பறதும் அரசாங்கம், வக்கீல் அனுப்பறதும் அரசாங்கம். ரெண்டும் ஒரே வீட்டுச் சமையல்தானே?" என்றேன். அந்தம்மாள் சிரித்தாள். "சம்பளம் அங்கேர்ந்துதான் வருது. ஆனா நீங்க சொல்றதுல ஒரு வார்த்தை நான் வெளிய விட்டேன்னா என் தொழிலே போயிடும்" என்றாள்.

நான் அவ்வளவு சுலபத்தில் நம்புகிறவளா? பழைய பம்புகளை எல்லாம் பாலத்துக்குக் கீழே ஓடையில் வீசிவிட்டோம் என்று அவளிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். பத்து நாள் ஜன்னலில் நின்று ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போலீஸ்காரன்கூட வரவில்லை. அப்புறம் போய் உண்மையைச் சொன்னேன். "என்னைச் சோதிச்சீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "ரொம்ப நல்லது, இதே சந்தேகத்தோட கம்பெனி வக்கீலையும் பாருங்க" என்றாள்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். அக்கா காட்டிக்கொடுத்தாளா என்று. "எனக்குத் தெரியாது. ஆனா ஜூரில இருக்கறவங்க 'நான் சொல்லல'ன்னு கூடச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்றதும் உள்ள நடந்ததைச் சொல்றதுதான். சொந்தக்காரங்க பேரு வந்தா அந்த விஷயம் முடியற வரைக்கும் அவங்களை வெளிய அனுப்பிடறது வழக்கம்" என்றாள். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன்.

அன்றைக்கே டென்வரைப் பிடித்து உலுக்கினேன், என் வராந்தா விஷயம் வெளியே எப்படிப் போனது என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அத்தானே சுரங்கத்துக் குளியல் கொட்டகைல சொன்னாரு, சின்னக்கா. 'இந்தச் சுரங்கத்துலயே சுத்தமான இடம் என் வீட்டு ஃப்ரீசர்தான்டா'ன்னு. ஷிஃப்ட் மொத்தமும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன்" என்றான். அங்கே நின்றவர்களில் யாரோ ஒருவன் போய்ச் சொல்லியிருக்கிறான். நான் ஐந்து மாதமாக உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். முதலில் என் புருஷனோடு சேர்த்து, அப்புறம் அரசாங்கத்தோடு சேர்த்து. அக்கா, என்னை மன்னித்துவிடு. வெட்கமாக இருக்கிறது.

ஹாஸ்கின்ஸ் அம்மாள் இரண்டு விஷயம் சொன்னாள். முதலாவது, புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மாட்டேன் என்று மனைவி மறுக்கலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

"அவர் சொல்லாதேன்னா நான் சொல்லக் கூடாதா?"

"அது அவர் கையில இல்ல. உங்க கையில. நீங்க சொல்லணும்னு நினைச்சா அவரால தடுக்க முடியாது."

இத்தனை வருடக் குடித்தனத்தில் முழுசாக என் கையில் என்று ஒன்று வந்தது இதுதான். வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டாவது டென்வருக்கு. சொன்ன பொய்யை அதே ஜூரி முன்னால் போய் அவனாகவே திருத்தினால், மற்றவர்கள் அம்பலப்படுத்துவதற்கு முன்னால் திருத்தினால், பொய்ச் சத்தியக் குற்றத்திலிருந்து தப்ப வழி இருக்கிறது. "உறுதி குடுக்க மாட்டேன். ஏற்கனவே மத்தவங்க பேசியிருக்காங்க. நாளாக ஆக வாய்ப்பு குறையும்" என்றாள். இதை டென்வரிடம் சொன்னேன். அவன் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போன செவ்வாய் ராய்ஸ்தான் என்னை மில்பர்னுக்குக் கூட்டி வந்தார். வழியெல்லாம் ஒரே பேச்சு. "மாட்டேன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சட்டமே உனக்கு அந்த உரிமையைக் குடுத்திருக்கு" என்றார். வேறு எதற்கும் சட்டத்தை நம்பாதவர் இதற்கு மட்டும் நம்பினார். அவரை வண்டியில் விட்டுவிட்டு நான் மேலே போனேன்.

ஜூரி அறைக்கு வெளியே பெஞ்சில் டென்வர் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். "எதுக்குடா வந்த?" என்றேன். "சும்மா" என்றான். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். அப்பாவுக்குக் கடைசி வருடத்தில் கேட்ட அதே சத்தம். கதவு திறந்தது, என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கும்போது அவன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"நீ இரு, சின்னக்கா. நான் முதல்ல போறேன்" என்றான். கதவில் நின்றவரிடம், "போன தடவை நான் சொன்னதுல ஒண்ணு தப்பு. திருத்தணும்" என்றான். அவர் உள்ளே போய் அரசு வக்கீலிடம் கேட்டுவிட்டு வந்தார். டென்வர் போனான். கதவு மூடிய பிறகும் இருமல் மட்டும் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் வந்ததும் நான் போனேன். உன் நாற்காலி எது என்று தெரியவில்லை, ஒன்று காலியாக இருந்தது. மறுக்கலாம் என்று எனக்கு மறுபடி ஒருமுறை சொன்னார்கள். தெரியும் என்றேன். பம்புகள் எங்கே இருந்தன, எப்போது ஓடின, யார் வைத்தது, எல்லாம் சொன்னேன்.

திரும்பும்போது ராய்ஸ், "மாட்டேன்னுட்டியா?" என்றார். எல்லாம் சொல்லிட்டேன் என்றேன். என்ன சொன்னேனோ அத்தனையையும் அவரிடமும் வரிசையாகச் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டினார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

"தூசிக் கணக்கு ஏறினா செக்ஷனையே மூடிடுவோம்னு மேலேர்ந்து சொன்னாங்க நெல்டா. அத்தனை பேர் வேலையும் போயிருக்கும்."

"டென்வர் மூச்சு போகுதே?"

"எனக்கு மட்டும் வேற காத்தா? நானும் அங்கதானே நிக்கறேன்" என்றார். ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன எனக்கு, எதை முதலில் படுவது என்று தெரியவில்லை.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் வக்கீலம்மா எனக்கும் வருவாங்களா?" என்றார்.

"வர மாட்டாங்க. அவங்க எனக்கு வக்கீல். ரெண்டு பேருக்கும் ஒரே ஆள் உட்கார்ந்தா என்ன ஆகும்னுதான் பார்த்தாச்சே. உங்களுக்குன்னு தனியா ஒருத்தர் வேணும்."

"அப்ப அவங்ககிட்டயே கேளு. மேலேர்ந்து யார் சொன்னாங்கன்னு சொல்லணும்னா யார்கிட்ட போய்ச் சொல்லணும்னு கேளு" என்றார்.

நாளைக் காலையில் கேட்கப் போகிறேன். அவருக்கு என்ன தண்டனை வரும் என்று யாருக்கும் தெரியாது. டென்வர் சுரங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

அக்கா, இதெல்லாம் நீ சொல்லவில்லை, நான் சொன்னது. சாட்சி சொன்னவளுக்குத் தடை கிடையாதாம். உன் ஜூரி வேலை முடிய இன்னும் ஒன்பது பத்து மாதம் இருக்கிறது. அதுவரை நீ எதற்கும் பதில் எழுத வேண்டாம், நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

உன் தங்கை,
நெல்டா